கேட்டுக்கு வெளியே ஆறு அடி

நான் பிளான் வரைகிற ஆள். பெரம்பூர், ஓட்டேரி, வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் சின்ன பில்டர்களுக்கும், அப்பா கட்டின வீட்டை இடித்துவிட்டு பிளாட் போடுகிற அண்ணன் தம்பிகளுக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்து, அப்ரூவல் கைக்கு வரும்வரை கூடவே அலைவதுதான் என் பிழைப்பு. அதனால் கட்டட அனுமதி கேட்டுப் போகிறவரிடம் அரசாங்கம் எந்தெந்தத் தலைப்பில் பணம் கேட்கும் என்பது எனக்கு அத்துப்படி. பரிசீலனைக் கட்டணம், டெவலப்மெண்ட் சார்ஜ், மெட்ரோ வாட்டருக்குத் தனியாக ஒன்று, கட்டடம் பெரியதென்றால் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம், ஏழைகளுக்கான வீட்டு நிதிக்கு ஷெல்டர் சார்ஜ், கூடுதலாகத் தளப்பரப்பு வேண்டுமென்றால் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம், அப்புறம் திரும்ப வரும் என்று சொல்லப்படுகிற டெபாசிட்டுகள். இத்தனைக்கும் பணம் கட்டி ரசீதை ஃபைலில் வைத்த பில்டரிடம் யாரும் கேட்காத ஒரே சங்கதி, அவர் கேட்டுக்கு வெளியே இருக்கிற ஆறு அடி பிளாட்பாரம் என்ன ஆகப்போகிறது என்பதுதான்.

பெரம்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தெரு இருக்கிறது. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஒரு பக்கம் வரிசையாக நாலு அபார்ட்மெண்ட். முதல் கட்டடத்துக்காரர் மழைத்தண்ணிக்குப் பயந்து தரைமட்டத்தை நன்றாக ஏற்றிக் கட்டிவிட்டார். கார் ஏறி உள்ளே போக வேண்டுமே, அதனால் ஒரு சிமெண்ட் சரிவு கேட்டிலிருந்து கிளம்பி, பிளாட்பாரத்தை முழுசாக விழுங்கி, தார் ரோட்டுக்குள்ளும் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டு நிற்கிறது. ரெண்டாவது கட்டடத்துக்காரர் நல்லவர், சொந்தச் செலவிலேயே சிவப்பும் சாம்பலுமாக பேவர் பிளாக் பதித்திருக்கிறார், ஆனால் அவர் எல்லை முடிகிற இடத்தில் அதுவும் முடிந்துவிடுகிறது, கீழே முக்கால் அடி பள்ளம். மூன்றாவது கட்டடத்துக்கு முன்னால் மழைநீர் வடிகால். அதன் மேல்மூடிகளில் ரெண்டு, வேலை நடந்த காலத்தில் ரெடிமிக்ஸ் லாரி ஏறி உடைந்தவை. உடைந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையும், பலகை இருப்பதைக் காட்ட ஒரு மரக்கிளையும். நாலாவது கட்டடத்தில் பூந்தொட்டி, சங்கிலி, "நோ பார்க்கிங்" போர்டு, வாட்ச்மேனின் ஸ்டூல். இந்த வழியாக மார்க்கெட்டுக்குப் போகிற வயசான அம்மாக்களைக் கவனித்திருக்கிறேன். முதல் சரிவிலேயே ரோட்டில் இறங்கிவிடுவார்கள், தெருமுனை வரைக்கும் திரும்ப மேலே ஏறமாட்டார்கள். நாலு தடவை ஏறி இறங்குவதைவிட, பின்னால் ஹாரன் அடிக்கிற ஷேர் ஆட்டோவுக்கு ஒதுங்குவது முட்டிக்குச் சுலபம்.

இந்த நாலு பேரும் முறையாக அனுமதி வாங்கிக் கட்டினவர்கள்தான். கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய செட்பேக் இடத்தை விட்டார்கள், கார் நிறுத்த இடம் காட்டினார்கள், மழைநீர்த் தொட்டி போட்டார்கள். காம்பவுண்டுக்கு உள்ளே ஒவ்வொரு அங்குலத்துக்கும் விதி இருக்கிறது. வெளியே காலை வைத்தால் அது மாநகராட்சி பாடு.

ஊருக்கு வெளியே இப்படி இல்லை. செங்குன்றம், புழல், மாதவரம் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி மனை பிரிக்கிறவர் தெருவையும் தானே போட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தால்தான் லேஅவுட்டுக்கு அங்கீகாரம். தெரு இல்லாமல் மனை இல்லை, மனையில் லாபம் பார்க்கிறவர்தான் தெருவுக்கும் செலவழிக்க வேண்டும், இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அரசாங்கமும் அப்படித்தான் செய்தது. வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு எம்.கே.பி. நகரைப் போட்டபோது அவென்யூ, குறுக்குத் தெரு என்று முதலில் தெருவைத்தான் கீறினார்கள். ரயில்வே 1955-ல் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை ஆரம்பித்தது, அதையொட்டிப் போட்ட குடியிருப்புகளுக்குள் இன்றைக்கும் நிம்மதியாக நடக்கலாம்.

பழைய வடசென்னையில் இப்போது நடப்பது மனைப்பிரிவு இல்லை. தெரு ஏற்கெனவே இருக்கிறது என்ற கணக்கில், ஒரு மரக்கடை, ஒரு குடோன், மூன்று குடித்தனம் இருந்த ஒரு ஓட்டு வீடு என்று ஒவ்வொன்றாக இடிந்து, பதினாறு பிளாட், இருபது பிளாட் என்று எழுகின்றன. பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் பின்னி மில் இருக்கிறது. பின்னி கம்பெனியின் அந்த பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில் என்றால் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்: 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னை தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் உருவானது, 1921 வேலைநிறுத்தமும் அங்கேதான். 1996-ல் மில் மூடியது, இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடிகள். சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கால்நடையாக வந்துபோன தெருக்கள் அவை. அதே தெருக்களில்தான் இப்போது ஒவ்வொரு பிளாட்டுக்கும் ஒரு காரும் ரெண்டு பைக்கும் நுழையப் பார்க்கின்றன. சுற்றியுள்ள தெருக்களோ பெரும்பாலும் அன்றைக்கு இருந்த அகலத்திலேயேதான் இருக்கின்றன.

அகலம் என்றதும் இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், வெளியாட்களுக்கு இது தெரியாது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக அதற்கு முன்னால் இருக்கும் ரோட்டின் அகலம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு மனையைப் போல 2 மடங்கு தளப்பரப்பு, 18.30 மீட்டரைத் தாண்டிய உயரக் கட்டடமென்றால், ரோடு போதிய அகலம் இருக்கும்பட்சத்தில் 3.25 மடங்கு வரை. அதற்கும் மேல் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம், அகலமான ரோடாக இருந்தால் 50 சதவீதம் வரை கூட. சரி, இந்த ரோட்டின் அகலத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறோம்? இந்தப் பக்கத்து எல்லையிலிருந்து எதிர்ப்பக்கத்து எல்லை வரை. அதாவது பிளாட்பாரத்தையும் சேர்த்து. இபி பில்லர் பாக்ஸ், குப்பைத்தொட்டி, மெட்ரோ வாட்டர் சின்டெக்ஸ் டேங்க், சரிந்து கிடக்கும் ஸ்கூட்டர், யாரோ ஒருவரின் பழைய சோபா, எல்லாம் உட்கார்ந்திருக்கிற இடமும் ரோடுதான் என்று கணக்குக் காட்டி, மேலே இன்னொரு மாடி வாங்குகிறோம். ரோட்டின் பெயரால் மாடி வாங்கினவர் ரோட்டுக்கு ஏதாவது செய்யட்டும் என்று கேட்பதில் என்ன அநியாயம்?

"அதான் பணம் கட்டுறோமே" என்பார்கள். உண்மைதான், கட்டுகிறார்கள். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவைப் பிற்பாடு சேர்த்து, உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் வாங்குகிறார்கள். பெயரைக் கேட்டால் நம் தெருவுக்குத்தான் என்று தோன்றும். அந்தப் பணம் மாநில அளவில் ஒரு நிதியில் போய்ச் சேர்ந்து, பெரிய பெரிய திட்டங்களுக்குப் பிரியும். பாலம், பைப்லைன், எல்லாம் வேண்டியவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டேரியில் ஒரு கட்டடம் கட்டின பணம் ஓட்டேரிக்குத் திரும்பி வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அதேபோல் திறந்தவெளி ஒதுக்கீடு, ஓ.எஸ்.ஆர். என்போம். மனை 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீத நிலத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும், 10,000 வரை இருந்தால் நிலத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம், அதற்கு மேல் போனால் நிலமாகவே கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, 3,000 சதுர மீட்டர் என்றால் பதின்மூன்று கிரவுண்டுக்கு மேல். எங்கள் பக்கத்தில் என் டேபிளுக்கு வருகிற மனை ஒரு கிரவுண்டு, ரெண்டு கிரவுண்டு, மிஞ்சிப்போனால் நாலு. ஒரே தெருவில் எட்டுப் பேர் தனித்தனியாக ரெண்டு ரெண்டு கிரவுண்டில் கட்டி, ஒரு பெரிய டவுன்ஷிப் அளவுக்கு ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினாலும் எட்டுப் பேருக்குமே அந்த விதி பொருந்தாது.

விதி பொருந்துகிற ஒரு இடம் உண்டு, அதையும் வீணடிக்கிறோம். நகர வளர்ச்சிக்கான மாஸ்டர் பிளானில் அகலப்படுத்த வேண்டிய ரோடு என்று குறித்திருந்தால், கட்டுகிறவர் மனையின் முன்பக்கத்தில் ஒரு பட்டையைத் தானப் பத்திரம் எழுதி இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் பதிவாகிவிடும், பேப்பர் சுத்தம். நிலம் மட்டும் அங்கேயே கிடக்கும். பக்கத்து மனையில் பழைய வீடு இடியாமல் இருக்கும், அதற்கடுத்தவர் அஞ்சடி விட்டிருப்பார், அப்புறம் ஒரு கடை முன்னால் வந்து நிற்கும். மொத்தத் தெருவும் பல் விழுந்த வாய் போல இருக்கும். உள்ளே போன அந்த அஞ்சடிப் பொந்தில் பிளாட்காரர்களின் விருந்தாளிக் கார் நிற்கும், இல்லையென்றால் இஸ்திரி வண்டி. சில இடங்களில் கொடுத்த நிலத்தைச் சேர்த்தே கேட் போட்டுவிடுவார்கள். இந்தக் கூத்து நமக்கு மட்டும் சொந்தமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலும் கட்டடம் கட்டுகிறவர் தன் மனைக்கு முன்னால் ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்ற விதியை வைத்து, ஒரு கட்டடத்துக்கு முன்னால் மட்டும் ரோடு உள்வாங்கி அடுத்த கட்டடத்தில் பழையபடி வெளியே வரும் தெருக்களை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். அதுவும் கார்களுக்காக.

அமெரிக்காவில் பல ஊர்களில் புதுக் கட்டடத்துக்கு முன்னால் நடைபாதை, கரைக்கல், தெருவிளக்கு எல்லாம் பில்டர் செலவு. அது கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. ஒரிகான் மாநிலத்தில் டைகர்டு என்ற சின்ன ஊரில், டோலன் என்ற அம்மா தன் பிளம்பிங் சாமான் கடையைப் பெரிசாக்க அனுமதி கேட்டபோது, பக்கத்து ஓடையின் வெள்ளப் பகுதியையும், நடக்க, சைக்கிள் விட 15 அடிப் பட்டையையும் நகராட்சிக்குக் கொடு என்றார்கள். 1994-ல் அங்கத்திய உச்ச நீதிமன்றம், கேட்பதற்கும் கட்டடத்தால் வரும் பாரத்துக்கும் ஏறக்குறைய ஒரு பொருத்தம் இருக்க வேண்டும், அதைக் காட்ட வேண்டியது நகராட்சியின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 2024-ல் கலிபோர்னியாவில் சின்ன வீடு ஒன்று வைக்கப்போனவரிடம் 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் வாங்கின வழக்கிலும், பொதுவிதி போட்டு வாங்கின பணம் என்பதற்காகவே அந்தச் சோதனையிலிருந்து விலக்கு கிடையாது என்றது. எனக்கு இந்தத் தீர்ப்புகளில் ஒரு நியாயம் தெரிகிறது. தெருவின் முப்பது வருஷத்துப் பாவத்தையெல்லாம் கடைசியாக வந்து கட்டுகிறவன் தலையில் கட்டக்கூடாது. அவன் கொண்டுவருகிற பாரத்துக்கு அவன் பொறுப்பு, பழைய பாக்கிக்கு மாநகராட்சி பொறுப்பு.

கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தையும் கட்டுகிறவரே போட வேண்டும் என்று, எனக்கு வேலை கொடுக்கிற பில்டர் ஒருவரிடம் சொன்னேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, பிளாட்பாரம் போடறது கார்ப்பரேஷன் வேலைப்பா. நான் கட்டுற பணம்லாம் எங்க போவுதுன்னு மொதல்ல அவங்கள கேளு, அப்புறம் எங்கிட்ட வா" என்றார். பாதி நியாயம் அவர் பக்கம். இருக்கிற கட்டணங்களை அப்படியே வைத்துக்கொண்டு இதையும் மேலே ஏற்றினால் அது வழிப்பறி. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை: "கடைசில பிளாட் வாங்குறவன் தலைலதான் விடியும்."

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு அடி முகப்பு, ஆறு அடி அகலம் என்றால் 600 சதுர அடி, ஒரு சின்ன சிங்கிள் பெட்ரூம் பிளாட்டின் அளவு. அதுவும் சுவர் இல்லை, கூரை இல்லை, பாத்ரூம் பிட்டிங் இல்லை, மண்ணை இறுக்கி ஜல்லி மணல் போட்டுக் கல் பதிக்கிற வேலை. முகப்போடு நிற்காமல் பஸ் ஸ்டாப் வரைக்கும், 300 மீட்டர் தூரத்துக்கு 1.8 மீட்டர் அகலத்தில் போடச் சொன்னாலும் 540 சதுர மீட்டர், அதாவது 5,800 சதுர அடி சொச்சம். இருநூறு வீடு கட்டுகிற ஒருவருக்கு இது கிளப் ஹவுஸில் ஜிம்முக்கும் நீச்சல் குளத்துக்கும் விடுகிற இடத்தோடு வைத்துப் பேசக்கூடிய அளவுதான். ஜிம் வைத்தால் விளம்பரத்தில் போடுகிறார்கள், ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம் என்றும் போடுகிறார்கள். அந்த நடையை யார் சோதித்துப் பார்த்தார்களோ!

வாங்குகிறவர் தலையில் விடியும் என்பதும் முழுசாகச் சரியில்லை. எங்கள் பக்கம் பாதிக்கு மேல் ஜாயின்ட் வென்ச்சர். நிலத்துக்காரருக்கு இத்தனை பிளாட், பில்டருக்கு இத்தனை என்று பேசி முடிக்கிறார்கள். பிளாட் விலையை அக்கம்பக்கத்து ரேட் தீர்மானிக்கிறது, ஆசைப்பட்ட விலைக்கு விற்க முடியாது. ஒரு செலவு எல்லோருக்கும் பொதுவாக, முன்கூட்டியே தெரிந்ததாக இருந்தால், நிலத்துக்காரரோடு பேசும்போதே அதைக் கழித்துக்கொண்டு பேசுவார்கள். ஷெல்டர் சார்ஜ் வந்தபோது கத்தினார்கள், இப்போது எக்ஸெல் ஷீட்டில் அதுவும் ஒரு வரி. பில்டர்களைக் கடுப்பேற்றுவது செலவைவிட, எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று தெரியாத செலவுதான். எழுதாத ரேட் கார்டு ஒன்று ஏற்கெனவே தெருவில் ஓடிக்கொண்டிருப்பது கட்டட வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குப் போகிறதில் கல்லாக மாறித் தரையில் பதிவது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. வடசென்னையில் பிளாட்பாரம் நடப்பதற்கு மட்டும் இருந்ததில்லை. காலையில் இட்லிக் கடை, பகலில் மீன்கார அம்மா, சாயங்காலம் கேரம் போர்டு, ராத்திரி கொசுவலை கட்டிப் படுக்கிற ஆட்கள், தண்ணி லாரி வந்தால் குடத்து வரிசை. பத்துக்குப் பதினைந்து அறையில் அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு பிளாட்பாரம்தான் திண்ணை. அங்கே ஒரு பில்டர் வந்து "அழகுபடுத்துகிறேன்" என்று ஆரம்பித்தால் என்ன ஆகும்? நான் வரைந்த ஒரு கட்டடத்துக்கு முன்னால் இட்லி போடுகிற அக்கா ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா தம்பி, நீ வரைஞ்ச பில்டிங்காமே இது? எங்கம்மா காலத்துலேர்ந்து இங்கதான் அடுப்பு. இப்ப பூந்தொட்டிய வச்சிட்டு, அந்தாண்ட போம்மாங்கிறான் வாட்ச்மேன். பூந்தொட்டி இன்னா, நடந்தா போவப்போவுது?"

அக்கா கேட்டது சட்டப்படியும் சரியான கேள்விதான். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் அரசியலமைப்பின் 21-வது சரத்தின் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், நடந்து போகிறவர்களுக்கு நடைபாதை இருப்பதும் அதே 21-வது சரத்தில் அடக்கம் என்றது. ரெண்டும் ஒரே ஆறு அடிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நடுவில் தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ல் வந்த சட்டம் வேறு, எங்கே கடை போடலாம் என்பதை வியாபாரிகள் உட்கார்ந்த குழு வைத்து முடிவு செய்யச் சொல்கிறது. இதில் எதிலும் பில்டருக்கு நாற்காலி கிடையாது. அதனால் வேலையை அவரிடம் வாங்கலாம், முடிவை அவரிடம் விடக்கூடாது. டிசைன் மாநகராட்சி கொடுக்கட்டும், கல் நிறம் வரைக்கும். நடக்க 1.8 மீட்டர் தடையில்லாமல் வேண்டும், கரைக்கல் 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்று, சாலைகளுக்குத் தரம் எழுதுகிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-லேயே எழுதிவைத்திருக்கிறது. அதற்கு மேல் இடம் இருந்தால் அடுப்புக்கும் மீன் கூடைக்கும் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு மிச்சத்தில்தான் மரம், பெஞ்சு. பூந்தொட்டி காம்பவுண்டுக்கு உள்ளே.

அப்புறம் அந்தச் சரிவு. வடசென்னை பில்டர்களில் பெரும்பாலோர் அதைக் கெட்ட எண்ணத்தில் போடுவதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு உயர்த்தின காலம் ஒன்று இருந்தது, தண்ணி வீட்டுக்குள் வந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கிறது, அதனால் ஏற்றிக் கட்டுகிறார்கள். ஏற்றிக்கொள்ளட்டும், சரிவு கேட்டுக்கு உள்ளே ஆரம்பிக்கட்டும். பிளாட்பாரம் கேட்டுக்கு முன்னாலும் அதே மட்டத்தில் ஓட வேண்டும், ஏறி இறங்க வேண்டியது கார். பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாகப் போட்டுத் திறந்தபோது தென்சென்னையே கொண்டாடியது. அங்கே போட்டது அரசாங்கப் பணம். இங்கே அந்த அகலமெல்லாம் வேண்டாம், மட்டம் மாறாமல் முந்நூறு மீட்டர் கிடைத்தால் போதும்.

யார் பிடித்து நிறுத்துவது? கயிறு ஏற்கெனவே கையில் இருக்கிறது. விலக்குப் பெற்ற சின்னக் கட்டடங்கள் போன்றவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் கட்டி முடித்ததும் கம்ப்ளீஷன் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும், அது இல்லாமல் கரண்டும் தண்ணியும் நிரந்தரமாகக் கிடைக்காது. பார்க்க வருகிறவர் செட்பேக்கை டேப் வைத்து அளக்கிறார், படிக்கட்டு அகலத்தை அளக்கிறார். அதே டேப்பைக் கேட்டுக்கு வெளியே இன்னும் முந்நூறு மீட்டர் நீட்டினால் போதும். பிளாட் வாங்கினவருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேரா அஞ்சு வருஷப் பாதுகாப்பு கொடுக்கிறது, அதற்குள் வேலையில் குறை தெரிந்தால் பில்டர் 30 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். அந்த அஞ்சு வருஷத்தை கேட்டுக்கு வெளியேயும் நீட்டலாமே, அதுவரை ஒரு டெபாசிட் மாநகராட்சியிடம் இருக்கட்டும். இங்கிலாந்தில் 1980-ம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டத்தின் 278-வது பிரிவில் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறார்கள்: பில்டர் ஒப்பந்தம் போட்டுப் பொதுச்சாலையில் தன் செலவில் வேலை செய்கிறார், உத்தரவாதத் தொகை கொடுக்கிறார், பராமரிப்புக் காலம் முடிந்து சரியாக இருந்தால் பொறுப்பை நகரம் எடுத்துக்கொள்கிறது. ரெண்டு கிரவுண்டுக்காரரை முந்நூறு மீட்டர் போடச் சொல்ல முடியாது. அவரிடம் அவர் பங்குக்குப் பணமாக வாங்கி, அந்த வார்டு பெயரில் தனியாக வைத்து, அந்த எட்டுப் பேர் பணமும் சேர்ந்ததும் தெருவை ஒரே மூச்சில் போட்டுவிடலாம். மாநில நிதிக்கு மட்டும் அனுப்பக்கூடாது, அனுப்பினால் அவ்வளவுதான்.

இன்னொரு சின்னது. கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில், ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், வடசென்னையில் பல இடங்களில் புது மழைநீர் வடிகால் போட்டிருக்கிறார்கள். பல தெருக்களில் அந்த வடிகாலின் மேல்மூடிதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிளாட்பாரம். கடன் வாங்கிப் போட்ட மூடி மேல் இருபது டன் லாரி ஏற்றி உடைத்துவிட்டு, பிளைவுட் வைத்து மூடிவிட்டுப் போகிறவரிடம் புதுசாக எதுவும் கேட்க வேண்டாம், உடைத்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லவாவது ஒரு காகிதம் வேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன்னால் தெருவைப் போட்டோ எடுத்து ஃபைலில் வைத்தால் பாதிச் சண்டை முடிந்தது.

இதெல்லாம் எழுத்தில் இல்லாததும் இல்லை. 2014-லேயே மாநகராட்சி மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை என்று ஒன்றை ஏற்றுக்கொண்டு, போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும், 2018-க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்று இலக்கு வைத்தது. இலக்கு வருஷம் போய்விட்டது, எங்கள் தெருவில் பிளைவுட் இருக்கிறது. 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 4,181 கோடி ரூபாய்க்குத் தங்கசாலையில் வைத்து ஆரம்பித்தார்கள். பணம் வரவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. ஆனால் அரசு ஒரு பக்கம் போட்டுக்கொண்டே வர, பில்டர் இன்னொரு பக்கம் உடைத்துக்கொண்டே போனால் எத்தனை கோடியும் பத்தாது.

இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026-வரைக்குமானது, மூன்றாவது மாஸ்டர் பிளான் அதற்கடுத்த இருபது வருஷத்துக்கு. அதில் நான் கேட்பது ஒரே ஒரு வரி, அதுவும் என் தொழில் சம்பந்தமானது. இன்றைக்கு சைட் பிளானில் காம்பவுண்டுக்கு வெளியே நாங்கள் வரைவது ரெண்டு கோடு, நடுவில் "30 அடி ரோடு" என்று எழுத்து, ஒரு அம்புக்குறி. அவ்வளவுதான். அங்கே வடிகால் இருக்கிறதா, டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா, வேப்பமரம் இருக்கிறதா, அக்கா அடுப்பு இருக்கிறதா, பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது; பிளானைப் பார்த்து அனுமதி கொடுக்கிறவருக்கும் தெரியாது. ரெண்டு பக்கமும் நூறு மீட்டருக்குத் தெருவில் இருக்கிறதை இருக்கிறபடி, மட்டத்தோடு வரைந்து கொடுத்தால்தான் ஃபைலை வாங்குவோம் என்று விதி வந்துவிட்டால், மீதிப் பேச்சை அந்த வரைபடத்தின் மேல் வைத்தே பேசலாம்.

விதி வரட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. போன மாசம் ஒரு வேலைக்கு அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டு போனேன், அடுப்பு உட்பட. பில்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குத் தனியா பீஸ் கேக்கமாட்டியே?" என்றார். கேட்டேன்.